ரெசலூஷன் வந்திட்டுது

ட்ருகனினா என்கிற இந்தப் புறநகரில் நாங்கள் இருக்கும் வீட்டில் மகேந்திரராஜாவைத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. வீட்டில் இருப்பதே நானும் அவனும்தான். நான் சிறி. வயது ஐம்பத்திரண்டு, கல்யாணம் கட்டாதவன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். அவன் என்னைவிட ஏழு வயது இளையவன். கிளிநொச்சியில் மனைவியையும் இரண்டு வயதுப் பிள்ளையையும் விட்டுவிட்டு, இந்த நாட்டுக்கு வர 2012இல் நான் ஏறிய அதே படகில் ஏறியவன். பத்தொன்பது நாள் கடல். அந்தப் பத்தொன்பது நாளைப் பற்றிச் சொல்லச் சொல்லி இங்கே எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். எனக்கு அலுத்துப்போய்விட்டது. நான் சொல்லப்போவது அதற்குப் பிறகு வந்த பதின்மூன்று வருடத்தைப் பற்றி, அதிலும் ஒரு கணினித் திரையைப் பற்றி.

எங்களுக்கு ஒரே படகு, ஒரே முகாம், வெளியே வந்ததும் ஒரே கோழித் தொழிற்சாலை. ஆனால் விசாரித்தவர்கள் வேறு வேறு ஆட்கள். எனக்குத் தற்காலிக விசா கிடைத்தது. அவனுடையது நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீடு, நீதிமன்றம், பிறகு மந்திரிக்கு மனு என்று அவனுடைய கோப்பு மட்டும் ஊரெல்லாம் சுற்றியது. அவன் இருந்த இடத்திலேயே இருந்தான்.

2023இல், தற்காலிக விசா வைத்திருப்பவர்களுக்கு நிரந்தர விசா தரப்போவதாக அறிவித்தார்கள். அந்த விசாவின் ஆங்கிலப் பெயர் நீளமானது, ரெசலூஷன் என்று தொடங்கும். எங்கள் சனம் மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டு அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டது. கோயிலில், மரக்கறிக் கடையில், செத்த வீட்டில்கூட அதுதான் பேச்சு. “உங்களுக்கு ரெசலூஷன் வந்திட்டுதோ?” “அவருக்கு வந்திட்டுதாம், மனுசியைக் கூப்பிடப்போறாராம்.” அந்தச் சொல்லுக்கு அகராதியில் என்ன அர்த்தம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்து என்ன செய்ய? அது வந்தால் குடும்பத்தைக் கூப்பிடலாம், வராவிட்டால் முடியாது.

எனக்கு வந்தது. கூப்பிட எனக்கு ஒருவரும் இல்லை. மகேந்திக்கு மனைவி செல்வமலரும் மகள் நிரஞ்சினியும் இருக்கிறார்கள், அவனுக்கு வரவில்லை. இந்த அநியாயத்தை எந்தக் கவுண்டரில் போய்க் கேட்பது? என் கடிதம் வந்த அன்று அவன் புட்டு அவித்து, கோழிக்கறி காய்ச்சி, எனக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தான். வெட்கத்தோடுதான் சாப்பிட்டேன். கறி நன்றாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவனுக்கு இப்போது வேலை, உறைந்த உணவு வைக்கும் குளிர்க் களஞ்சியத்தில். இரண்டு கோட், இரண்டு சோடி கையுறை போட்டுக்கொண்டு விடியற்காலை ஐந்து மணிக்கு உள்ளே போனால் பின்னேரம்தான் வெளியே வருவான். வந்து குளித்து, தேத்தண்ணி குடித்து, ஆறரை மணிக்குக் கிளிநொச்சிக்கு எடுப்பான். அங்கே அப்போது பின்னேரம் இரண்டு மணி. வேலை மாறினாலும் பதின்மூன்று வருடமாக இதுதான் அவனுடைய நாள். அவனுடைய தகப்பன் செத்ததையும் போனில்தான் பார்த்தான், அதுவும் பாதியில் கோல் அறுந்துவிட்டது. அதைப் பற்றி அவன் முறையிட்டதில்லை. முறையிடுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும், அது அவனிடம் எப்போதோ தீர்ந்துவிட்டது.

போனில் பார்த்தால் மனைவியும் பிள்ளையும் கட்டைவிரல் அளவுதான். அவனுக்கு வெள்ளெழுத்து வேறு வந்துவிட்டது. போனைக் கிட்டப் பிடித்தால் முகம் மங்கும், எட்டப் பிடித்தால் முகம் சிறுக்கும். போன வருடக் கடைசியில் ஒரு நாள், “அண்ணை, நான் ஒரு கொம்பியூட்டர் பூட்டப்போறன். பெரிய ஸ்கிரீனில ரெண்டு பேரையும் பாக்கவேணும்” என்றான்.

சண்டைக்கு முதல் அவன் கிளிநொச்சியில் போன், கணினி திருத்துகிற ஒரு கொம்யூனிகேஷன் கடையில் வேலை செய்தவன். கையில் திருப்புளி இருந்தால் அவனுக்கு மற்ற எல்லாம் மறந்துபோகும். இங்கே வீட்டில் வேண்டாத பெரிய சாமான்களைக் கொண்டுபோய் வாசல் புல்லில் வைத்தால், கவுன்சில் லொறி வந்து அள்ளிக்கொண்டு போகும். லொறி வருவதற்கு முதல் மகேந்தி போய்விடுவான். ஒரு தெருவில் பெட்டி கிடைத்தது, இன்னொரு தெருவில் அதற்குள் போடுகிற மின்சுற்றுப் பலகை, வேறொரு தெருவில் ஒரு அகலத் திரை. திரையின் மூலையில் ஒரு கீறல் இருந்தது, அதை அவன் கணக்கெடுக்கவில்லை. படத்தைத் திரைக்கு அனுப்புகிற கிராபிக்ஸ் கார்ட் மட்டும் கிடைக்காமல் இரண்டு மாதம் அலைந்தான். கடைசியில் ஒரு உடைந்த கணினிக்குள் இருந்து ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தான். பதினைந்து வருடத்துக்கு மேற்பட்ட கார்ட். அதைச் செய்தவர்களே அதற்கான மென்பொருளை எழுதுவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

எல்லாவற்றையும் பூட்டி, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டான். வேலை செய்தது. ஆனால் படம் எண்ணூறுக்கு அறுநூறு என்ற ஒரே அளவில் நின்றுவிட்டது. பழைய சதுரத் திரைக்கான அளவு அது. அதைப் பிடித்து இந்த அகலத் திரையில் விரித்தால் எல்லாம் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரியும். முதல் நாள் கோலில் செல்வமலரின் முகம் தோசைக்கல் அளவுக்கு விரிந்து வந்தது. நிரஞ்சினிக்குக் கழுத்தே இல்லை.

மகேந்திக்குச் சந்தோசம். “மலர் நல்லாத் தேறியிருக்கிறாள் என்ன, அண்ணை?” என்றான்.

“அவளுக்குப் பின்னால சுவரில இருக்கிற மணிக்கூடும் தேறியிருக்குதடா, பார்” என்றேன். வட்ட மணிக்கூடு முட்டை போல இருந்தது. சொல்லியிருக்கக்கூடாது. அன்றிலிருந்து அவனுக்கு நிம்மதி போய்விட்டது.

அவன் அந்த அளவை மாற்ற முயன்ற கதையை எழுதினாலே ஒரு புத்தகம் வரும், அதை வாசிக்கிறவர்களுக்கு என்னைப் போலவே தலையிடியும் வரும். அளவை மாற்ற ஒரு பெட்டி திறக்கும். பெட்டி பெரிது, திரை சிறிது. ‘சரி’ என்று அழுத்துகிற பொத்தான் பெட்டியின் அடியில், திரைக்குக் கீழே எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. அளவை மாற்றுவதற்கு அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். பொத்தான் தெரிவதற்கு அளவை மாற்ற வேண்டும். வேறு யாராக இருந்தாலும் கணினியைத் தூக்கி எறிந்திருப்பார்கள். மகேந்திக்கு இது பழகிய விசயம். இந்த மாதிரியான பொத்தான்களோடுதான் அவன் வழக்கறிஞர் அலுவலகத்தில் பன்னிரண்டு வருடம் இருந்திருக்கிறான். எதையோ பிடித்து, எதையோ அமத்தி, பெட்டியை மேலே இழுத்துப் பொத்தானைக் கண்டுபிடித்தான். பார்த்தால், தேர்ந்தெடுக்கப் பட்டியலில் இருந்ததே அந்த ஒரு அளவுதான்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அதே வேலை. கார்டின் பழைய மென்பொருள் புதிய லினக்ஸில் ஏறாது. அது ஏறுகிற பழைய லினக்ஸில் வீடியோ கோல் திறக்காது. எதையாவது மாற்றி மறுபடி போட்டால் திரை கறுத்துப்போகும். “கறுத்துப்போச்சு” என்று அறைக்குள் இருந்து சத்தம் வரும். நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு “வரும், வரும்” என்பேன். எனக்கு ஒன்றும் விளங்காது, ஆனால் ஏதாவது சொல்லத்தானே வேண்டும். கறுத்ததை மறுபடி வெளிச்சமாக்க அவனுக்கு இரண்டு நாள் போகும். எங்களுக்குள் இதற்குப் பெயர் ‘இழுவல்’. “இழுவல் என்ன மாதிரி?” என்று நான் கேட்பேன், “அப்பிடியேதான்” என்பான்.

“ஏன்டா இந்தக் கரைச்சல்? புதுக் கார்ட் ஒண்டு வாங்கிப் போடன்” என்று ஒரு நாள் எரிந்து விழுந்தேன்.

“இது வேலை செய்யுற கார்ட் அண்ணை. சப்போர்ட் இல்லை எண்டு சொல்லிட்டாங்கள், அவ்வளவுதான். சப்போர்ட் இல்லை எண்டால் ஏலாத சாமான் எண்டில்லை” என்றான். குரலை உயர்த்தவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டில் வாசுதேவன் இருக்கிறார். கோயம்புத்தூர்க்காரர், பெரிய கம்பெனியொன்றில் மென்பொருள் எஞ்சினியர். நல்ல மனுசன். நான் பகல் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் மகேந்தி அவரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறான். நடந்ததைப் பிறகுதான் அவர் எனக்குச் சொன்னார். பெட்டியின் பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு அவர் சிரித்திருக்கிறார்.

“அண்ணா, இது மியூசியத்துல வைக்கிற கார்டு. ஆபீஸ்ல நான் கோடு எழுதுவேன், இந்த மாதிரி ஹார்ட்வேர் எல்லாம் எனக்கே தெரியாது. உங்க பிரச்சனை ரெசலூஷன். சரியான ரெசலூஷன் கிடைச்சா எல்லாம் க்ளியரா வந்துடும். ஆனா இந்தக் கார்டுல கிடைக்கிறது கஷ்டம்தான்.”

வாசுதேவன் படிப்போடும் வேலையோடும் விமானத்தில் வந்தவர். அவருக்கு ரெசலூஷன் என்றால் திரையில் எத்தனை புள்ளி என்பது மட்டும்தான். அவர் சொன்ன சொல்லை மகேந்தி பிடித்துக்கொண்டான். இணையத்தில் அந்தச் சொல்லைப் போட்டுத்தான் தேடினான். பதில்களிலும் அந்தச் சொல்தான் வந்தது. எனக்கு அப்போது இது ஒன்றும் தெரியாது. என்னோடு பேசும்போது அது எப்போதும் இழுவலாகத்தான் இருந்தது.

இந்த ஆனி மாதம் மகேந்தியின் வழக்கறிஞரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மந்திரிக்குப் போட்ட மனுவுக்குச் சில வாரங்களில் பதில் வரலாம் என்று. அது சரிவந்தால் அவனுக்கும் ரெசலூஷன்தான். ‘வரலாம்’ என்பது வழக்கறிஞர்களுக்குச் சம்பளம் கொடுக்கிற சொல். மகேந்தி அதை வாசித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான். நான்தான் நாளுக்கு இரண்டு தரம் தபால்பெட்டியைப் போய்த் திறந்து பார்த்தேன். தபாலில் வராது, மின்னஞ்சலில்தான் வரும் என்று அவன் சொன்ன பிறகும் பார்த்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை எனக்குப் பகல் வேலை, அவனுக்கு லீவு. நான் வேலை செய்கிற களஞ்சியத்துக்குள் போன் கொண்டுபோக விட மாட்டார்கள், லொக்கரில் வைக்க வேண்டும். இரண்டு மணி இடைவேளைக்குச் சாப்பாட்டறைக்கு வந்து போனை எடுத்தால், மகேந்தியின் குரல் செய்தி ஒன்று. காதில் வைத்தேன். பின்னால் மைக்ரோவேவ் சத்தம், ஆட்களின் சத்தம். அதற்குள்ளேயும் அவன் அழுகிறான் என்பது தெளிவாகக் கேட்டது.

“அண்ணை... ரெசலூஷன் வந்திட்டுது அண்ணை. முழுசா வந்திட்டுது. இனிப் பிள்ளையை வடிவாப் பாப்பன்.”

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். மூன்று தரம் கேட்டேன். கணினி என் நினைவிலேயே இல்லை. ஒரு திரைக்காக எந்த மனுசன் இப்படி அழுவான்? பதின்மூன்று வருடத்தில் அவன் அழுது நான் பார்த்ததே இல்லை, தகப்பன் செத்த அன்றுகூட. உடனே அவனுக்கு எடுத்தேன், போன் அடித்துக்கொண்டே இருந்தது. சந்தோசத்தில் எங்கேயாவது போனை வைத்திருப்பான் என்று நினைத்தேன். ஒரு நிமிடம் பொறுத்திருக்கலாம். வீட்டுக்குப் போய் நேரில் கேட்டிருக்கலாம். நான் செய்தது என்னவென்றால், சாப்பாட்டறையில் இருந்த பத்துப் பேருக்கும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னேன். மொழி தெரியாதவர்களும் வந்து கையைக் குலுக்கினார்கள். பிறகு கிளிநொச்சிக்கு, என் தங்கை சஜிதாவுக்கு எடுத்தேன். அவளுடைய வீட்டிலிருந்து இரண்டு வேலி தாண்டினால் செல்வமலரின் வீடு.

“சஜி, மகேந்திக்கு ரெசலூஷன் வந்திட்டுது.”

“மெய்யாவோ அண்ணை? ஆர் சொன்னது?”

“அவன்தான். தன்ர வாயால. அழுதழுது சொல்லுறான்.”

“ஐயோ, நான் இப்பவே மலரிட்ட ஓடுறன்.”

“ஓடு. ஆனா பின்னேரம் அவன் எடுப்பான், அவன் தானாச் சொல்லுமட்டும் தெரியாத மாதிரி இருக்கச் சொல்லு. அந்தச் சந்தோசத்தை அவனிட்டையிருந்து பறிக்கக்கூடாது.”

என்ன கெட்டித்தனம் பாருங்கள். வாயைத் திறந்ததும் நான், அதற்கு மேல் ஒழுங்கு சொன்னதும் நான்.

வேலை முடிந்து, வழியில் ஒரு கேக் வாங்கிக்கொண்டு ஆறேகாலுக்கு வீட்டுக்கு வந்தேன். சப்பாத்தைக் கழற்றாமலே அவனுடைய அறைக்குள் போய் அவனைக் கட்டிப்பிடித்தேன். அவனும் கட்டிப்பிடித்தான். அந்த மனுசனின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை.

“வந்திட்டுது அண்ணை! பாருங்கோ!” என்று திரையைக் காட்டினான்.

திரையில் நிரஞ்சினியின் படம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடச் சட்டையோடு, இரட்டைப் பின்னலோடு, மெலிந்து உயர்ந்த ஒரு பெண்பிள்ளை. கழுத்தும் இருந்தது. கண்ணிமை மயிர்கூடத் தெரிந்தது.

“வடிவாயிருக்கு. கடிதம் எங்கையடா?”

“என்ன கடிதம்?”

“ரெசலூஷன் கடிதம்.”

அவன் என்னைப் பார்த்தான். பிறகும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான், நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பான். பெட்டியைத் திருப்பி, பின்பக்கத்தில் தெரிந்த கார்டைக் காட்டி விளக்கத் தொடங்கினான். அதில் பழைய ரீவிப் பெட்டியைப் பூட்டுவதற்கு ஒரு வட்டத் துவாரம் இருக்கிறதாம். அதில் ஒன்றும் பூட்டியிருக்கவில்லை. ஆனால் அதில் ஒரு ரீவி இருக்கிறது என்று கார்ட் தானாக நினைத்துக்கொண்டு, அந்த இல்லாத ரீவியின் அளவுக்கே எல்லாப் படத்தையும் சுருக்கிக்கொண்டிருந்ததாம். யாரோ ஒருவர் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முதல் எழுதி வைத்த பதிலைக் கண்டுபிடித்தானாம். அந்த ரீவியைப் பார்க்காதே என்று ஒரு வரி எழுதினானாம். மறுபடி போட்டவுடன் முழு அளவும் வந்துவிட்டதாம். முதலில் திறந்தது பிள்ளையின் படம், அவள் இவ்வளவு மெலிந்திருக்கிறாள் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்ததாம். அதைத் தாங்க முடியாமல்தான் எனக்குக் குரல் செய்தி போட்டானாம்.

“எந்த ரெசலூஷனை அண்ணை கேக்கிறியள்? வாசுதேவன் இதைத்தானே ரெசலூஷன் எண்டு சொல்லுறவர்.”

நான் கேக் பெட்டியைக் கட்டிலில் வைத்தேன். அவன் கேக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சிரிப்பு மெதுவாக நின்றது.

“ஆருக்குச் சொன்னியள்?”

“சஜிக்கு.”

“மலருக்குத் தெரியுமோ?”

நான் தலையை ஆட்டினேன். அவன் என்னை அடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு தூஷணம் சொல்லியிருந்தாலும் போதும். அவன் கதிரையில் இருந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தான், அவ்வளவுதான். மணி ஆறு இருபத்தைந்து.

நான் சஜிதாவுக்கு எடுத்தேன், அவள் எடுக்கவில்லை. திரும்ப எடுத்தேன், இல்லை. அவள் எங்கே இருப்பாள் என்று எனக்குத் தெரியும். செல்வமலரின் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவன் கையை நீட்டி என் போனை வாங்கி மேசையில் வைத்தான்.

“விடுங்கோ அண்ணை. எடுத்து என்னெண்டு சொல்லப்போறியள்? நான் சொல்லுறன்.”

“ரெண்டு கிழமை கழிச்சுச் சொல்லுவம். ஆர் கண்டது, அதுக்கிடையில உண்மையாவே வரலாம்.”

“விசர்க்கதை கதையாதையுங்கோ.”

ஆறரைக்கு அவன் கோலை அழுத்தினான். நான் கதவு நிலையோடு, கமராவுக்குப் படாமல் ஒதுங்கி நின்றேன். அப்படி ஒதுங்குகிற அளவுக்காவது எனக்குப் புத்தி இருந்தது.

படம் வந்தது. ஒரு இழுவலும் இல்லை. செல்வமலர் கூறைச் சேலை உடுத்திருந்தாள். கல்யாணத்தில் உடுத்த அதே கூறை, பெட்டிக்குள் மடித்துக் கிடந்த மடிப்பெல்லாம் அப்படியே தெரிந்தது. தலையில் மல்லிகைப் பூ. பக்கத்தில் நிரஞ்சினி புதுப் பஞ்சாபிச் சட்டை போட்டு, பொட்டு வைத்துக்கொண்டு. பின்னால் கையில் கேசரித் தட்டோடு என் தங்கை, வாயெல்லாம் பல். தாயும் மகளும் சிரிப்பை அடக்க முடியாமல் அடக்கிக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லிக்கொடுத்தபடி, ஒன்றும் தெரியாத மாதிரி.

“இஞ்சருங்கோ, என்ன புதினம்?” என்று கேட்டாள் செல்வமலர். கேட்கும்போதே குரல் துள்ளியது. “ஏதும் விசேசம் இருக்கோ இண்டைக்கு?”

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஆனால் போகவும் முடியவில்லை.

மகேந்தி தொண்டையைச் செருமினான். “மலர். ஒரு புதினம் இருக்கு. ஆனா அது நீ நினைக்கிறது இல்லை.”

அவன் அவசரப்படவில்லை. திரையைப் பற்றிச் சொன்னான், அந்தச் சொல்லைப் பற்றிச் சொன்னான், வாசுதேவனைச் சொன்னான். அண்ணை சந்தோசத்தில் மாறி விளங்கிவிட்டார் என்றான், ஒரு சொல்கூட என்மேல் போடாமல். கடைசியில், “வந்தது ஸ்கிரீன்தான். விசா இன்னும் வரேல்லை” என்றான்.

என் தங்கையின் கையில் இருந்த தட்டு மெதுவாகக் கீழே இறங்கியது. அவள் “அண்ணை!” என்றாள். நான் ஓடிப்போய்க் கமராவுக்கு முன்னால் குனிந்து, “மலர் தங்கச்சி, பிழை முழுக்க என்ர. என்ர வாயாலதான்...” என்று தொடங்கினேன். செல்வமலர் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிரஞ்சினி முகத்தைத் திருப்பிக்கொண்டு எழும்பப் பார்த்தாள். தாய் அவளுடைய கையைப் பிடித்தாள்.

“இரு பிள்ளை.”

“எனக்கு உடுப்பு மாத்தவேணும், அம்மா.”

“இரு எண்டுறன்.” பிறகு திரைப் பக்கம் திரும்பி, “இப்ப எங்களை வடிவாத் தெரியுதோ உங்களுக்கு?” என்று கேட்டாள்.

“தெரியுது.”

“கூறை தெரியுதோ?”

“தெரியுது. மடிப்பும் தெரியுது.”

“அப்ப உடுத்தது உடுத்ததுதான். நான் மாத்தேல்லை. இருந்து பாருங்கோ.”

நான் விலகி மறுபடி கதவோடு போய் நின்றேன். அவன் பார்த்தான், அவள் பார்க்க விட்டாள். என் தங்கை சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

“நிரஞ்சி, எழும்பி நில்லு” என்றாள் செல்வமலர். “எவ்வளவு வளந்திட்டாய் எண்டு அப்பா பாக்கட்டும். நீ எப்பவும் இருந்தபடிதானே கதைக்கிறனி.”

பிள்ளை எழும்பினாள். தோளுக்கு மேலே தெரியவில்லை, தலை திரைக்கு வெளியே போய்விட்டது. புதுப் பஞ்சாபியும் இரண்டு கையும் மட்டும் தெரிந்தன.

“கொஞ்சம் பின்னுக்குப் போ பிள்ளை” என்றான் மகேந்தி.

அவள் ஒரு அடி பின்னுக்குப் போனாள். நாடி தெரிந்தது.

“இன்னும் கொஞ்சம்.”

போனாள்.

“இன்னும்.”

முதுகு சுவரில் முட்டுமட்டும் போனாள். அதற்குப் பிறகுதான் உச்சந்தலை முதல் பாதம் வரை முழுசாகத் தெரிந்தாள். தாயைவிட உயரம்.

“ஓம்,” என்றான் மகேந்தி. “இப்ப தெரியுது.”